தெர்மாமீட்டர் பொய் சொல்லாது

சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் ஈரத்தோடு வந்து விழுந்துகொண்டே இருந்தன. இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, துணி தேய்க்கும் சுடுஉருளைக்குள் விட வேண்டும். துணியின் ஈரமெல்லாம் ஆவியாகி அவர்கள் முகத்திலேயே அடிக்கும்.

எதிர்முனையைப் பிடித்திருந்தவளை எல்லோரும் குழாயக்கா என்பார்கள். நீராவிக் குழாயை ஒட்டி நின்றே வயசாகிப்போனவள்.

"மூணாவதா?" என்றாள், இவள் வயிற்றைப் பார்த்து.

"மெதுவாக்கா."

"ஊருக்கே தெரியுது, இதுல மெதுவா வேறயா? வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"யாரோடதுன்னு கேட்கிறார்."

குழாயக்கா விரிப்பைக் கைநழுவ விட்டாள்.

இவள் புருஷன் லாரி எடைமேடையில் வேலை பார்ப்பவன். டிரைவர் சொல்வதை நம்பமாட்டான், முள் காட்டுவதைத்தான் நம்புவான். இரண்டாவது பிரசவத்தில் இவள் உடம்பு ரத்தமற்றுப் போனதால், அடுத்ததைத் தள்ளிப்போடச் சொன்னார்கள். மாத்திரை, ஆபரேஷன் இரண்டும் வேண்டாம், மாதா கோயிலில் சொல்லும் இயற்கை வழியிலேயே போகலாம் என்று இருவரும் மனசார முடிவு செய்து, மருந்தக சிஸ்டர் நடத்திய வகுப்புக்குப் போனார்கள். தினமும் தெர்மாமீட்டரில் பார்க்கும் உடம்புச் சூடு ஏறி நிலைத்துவிட்டால் கரு தங்கும் பயமில்லை, அதுவரை விலகி இருக்க வேண்டும். இவனும் விலகித்தான் இருந்தான். வாசலில் பாய் போட்டுப் படுத்தான். அப்படியிருந்தும் வயிறு நிறைந்துவிட்டதே என்பதுதான் அவன் கணக்கில் இடித்தது.

மறுநாள் சாயங்காலம் அவளை இழுத்துக்கொண்டு சிஸ்டரிடம் போனான்.

"நீங்க சொன்னபடிதான் நடந்தோம் சிஸ்டர். சூடு ஏறி நின்னப்புறம்தான்... பிறகு இது எப்படி?"

சிஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எப்போ அளந்தீங்க?"

"இவ நைட் ஷிப்ட் முடிச்சு வந்து படுத்ததும். நான் வேலைக்குக் கிளம்புறதுக்குள்ள."

"நல்லாத் தூங்கி, எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி அளக்கணும்னு சொன்னேனே?"

"அப்போ நான் வீட்ல இருக்கமாட்டேனே."

"அவங்களே பார்க்கலாமே?"

அவன் சுவரைப் பார்த்தான்.

"நீங்க வேலைச் சூட்டை அளந்திருக்கீங்க தம்பி. சரிம்மா, கரு தங்குற நாள்ல உடம்புல தெரியிற ஈரத்தைப் பத்திச் சொல்லிக்கொடுத்தேனே, அந்த அடையாளம் தெரியலையா?"

"தெரிஞ்சுது சிஸ்டர். வேணாம்னு சொன்னேன். ‘தெர்மாமீட்டர் பொய் சொல்லாது, நீ என்னடி பெரிய டாக்டர்'னார்."

"இது ரெண்டு பேர் சேர்ந்து சுமக்கிற பாரம்," என்றார் சிஸ்டர் அவனிடம். "ஒருத்தர் போலீசு, ஒருத்தர் கைதின்னா ஓடாது."

வெளியே வந்ததும் அவன் வாயைத் திறந்தான். "துணி தேய்ச்சா காய்ச்சல் வருமா? ரெண்டு பேரும் சேர்ந்து பேசி வச்சிருக்கீங்க."

அவள் சலவைக்கூடத்தைப் பார்த்து நடந்தாள். வேலைக்கு நேரமாகிவிட்டது.

விடிந்தும் விடியாததுமாக அவன் சலவைக்கூடத்துக்கு எதிரே, நின்றிருந்த லாரியின் மறைவில் நின்றான். எவனோடு வருகிறாள் என்று பார்த்துவிட வேண்டும். முதலில் பாய்லர்க்காரர் வந்தார். அவன் அப்பாவைவிட மூத்தவர். நாலடி நடந்து இருமி, நாலடி நடந்து இருமிப் போனார். வேறு ஆம்பளை யாரும் வரவில்லை.

பிறகு பெண்கள் வந்தார்கள். கம்பிக் கேட்டுக்கு உள்ளேயே நிறுத்தப்பட்டார்கள். ஒவ்வொருத்தியும் வந்ததும் வராததுமாகக் குளிர்ந்த கம்பியில் கன்னத்தை வைத்து அழுத்திக்கொண்டாள். வெந்த கிழங்குமாதிரி எல்லா முகமும் சிவந்து உப்பியிருந்தது. அவளும் வந்து நெற்றியை வைத்துக் கண்ணை மூடினாள்.

அவன் தன்னையறியாமல் கிட்டே போனான். கம்பிக்குள் கைவிட்டு அவள் கழுத்தைத் தொட்டவன், சுட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

அவள் கண் திறந்தாள். "யாரைப் பிடிக்க வந்தீங்க?"

அதற்குள் சோதனைக்காரி கூப்பிட்டாள். துண்டு, விரிப்பு ஏதாவது திருடிப்போகிறார்களா என்று ஒவ்வொருத்தியாகத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவாள். அவன் மனைவி போய் இரண்டு கைகளையும் தூக்கி நின்றாள். சோதனைக்காரியின் கை அக்குள், முதுகு, இடுப்பு என்று இறங்கி, வயிற்றில் வந்து நின்றது.

"என்னடி சுத்தி வச்சிருக்க இங்க? யாரோடது?"

குழாயக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவள் வேண்டாமென்று தலையை ஆட்டினாள். தூக்கிய கையை இறக்காமல், கம்பிக்கு வெளியே நின்றவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.