கறுப்பு ஐரிஸுக்குக் காவல்

வெள்ளிக்கிழமை காலை, கண் விழித்ததுமே லமீஸ் போனைத் துழாவினாள். காட்டுப்பூக் குழுவில் நேற்று அவள் போட்ட படத்துக்கு இதயங்கள் குவிந்திருந்தன. ஜோர்டானின் மாதபா சாலையோரம் பூத்திருந்த கறுப்பு ஐரிஸ். குஷியில் இடத்தையும் எழுதித் தொலைத்திருந்தாள்: தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, வளைவுக்கு இடப்பக்கம்.

கடைசியாக வந்திருந்த பதில் அவளைத் தூக்கிவாரிப் போட்டது. 'கரி அடுப்போட வர்றோம்! வீட்டுக்கும் ஒரு கொத்து பறிக்கணும்.'

"அண்ணே, எந்திரி! பூவைப் பறிச்சிருவாங்க!"

"பறிக்கட்டும், பூதானே?" என்றது ஸுஹைபின் போர்வை.

"வருஷம் பூரா தேடிக் கண்டுபிடிச்சது, எந்திரிடா!"

"அண்ணேங்கிற, டாங்கிற. ஏதாவது ஒரு முடிவுக்கு வா."

வழியெல்லாம் பாப்பிப் பூ சிவந்து கிடந்தது. ஊடே மஞ்சள் சாமந்தி. மற்ற நாளில் ஒவ்வொன்றுக்கும் வண்டியை நிறுத்தச் சொல்லிப் பெயர் சொல்வாள். இன்று, "மிதி, மிதி!" என்பதோடு சரி.

பூக்கள் இருந்தன. அவற்றை ஒட்டினாற்போல் பாயை விரித்து, டீ வைத்தார்கள். ஒரு குடும்பம் பாய் விரித்த இடத்தில், அதுவும் பெண் உட்கார்ந்திருந்தால், இன்னொருவர் நெருங்கமாட்டார்கள். அதைத்தான் நம்பியிருந்தாள். கார்கள் வேகம் குறைத்தன, பாயைப் பார்த்தன, போய்விட்டன. ஒவ்வொரு காருக்கும் லமீஸ் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள்.

பிறகு ஒரு வேன் வந்து நின்றது. கீரை பறிக்கக் கத்தியும் பையுமாக ஒரு பருத்த பெண் இறங்கினாள், பின்னால் பிள்ளைக் கூட்டம்.

"வாங்கக்கா, டீ குடிங்க!" லமீஸின் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. யாரைப் பார்த்தாலும் சொல்வதுதான். அவர்களும் வாழ்த்திவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

"அப்பாடா, முட்டி செத்துப் போச்சு!" அந்தப் பெண் பாயிலேயே உட்கார்ந்துவிட்டாள். உம்மு நிதால், அதாவது நிதாலின் அம்மா, என்று தன்னைச் சொல்லிக்கொண்டாள்.

ஸுஹைப் தங்கையை முறைத்தான். "உன் வாயை வீட்டுல வச்சிட்டு வந்திருக்கலாம்."

அதற்குள் உம்மு நிதாலின் கடைக்குட்டி ஓடிவந்து கையை நீட்டினாள். கையில் ஒரு கறுப்பு ஐரிஸ்.

"அடுத்தவங்க டீயை வெறுங்கையோட குடிக்கமாட்டா என் பொண்ணு," என்றாள் தாய், பெருமையாக.

கொடுத்ததை மறுக்க முடியுமா? லமீஸ் வாங்கினாள். வெயிலுக்கு நேரே பிடித்ததும் கறுப்பு இதழ் அடர் ஊதாவாக மாறியது. அவள் கண் நிறைந்துவிட்டது.

"பூ குடுத்தா அழுவாங்களா தங்கச்சி?"

லமீஸ் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"இதைச் சொல்ல வாயில்ல, டீக்குக் கூப்பிட மட்டும் இருக்கோ!" உம்மு நிதால் எழுந்தாள். தன் பெரிய பாயை எடுத்துவந்து பூக்களுக்கும் சாலைக்கும் நடுவில் விரித்து, பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்தாள். அடுத்த கார் வேகம் குறைப்பதற்குள் கத்தினாள்: "தம்பி, பொம்பளைங்க இருக்கோம், கண்ணு தெரியல? அங்கிட்டு போ!"

சாயங்காலம் வரை அங்கே ஒருவரும் இறங்கவில்லை.

திரும்பும்போது பறித்த பூ மடியில் வதங்கிக்கொண்டிருந்தது. லமீஸ் பதிவிலிருந்து இடத்தை அழித்தாள். உடனே யாரோ கேட்டார்கள்: 'எந்த இடம்?'

'ஜோர்டான்,' என்று தட்டினாள்.