மேலே ஏறிய டீ

டாக்டர் சொன்னதையெல்லாம் அவர் தன் மனைவியிடம் அப்படியே ஒப்பித்தார், ஒன்றைத் தவிர.

புராஸ்டேட் சுரப்பியில் அழற்சி. சோதனையில் வேறு கெடுதல் எதுவும் தெரியவில்லை, மாத்திரையும் ஒரு சுற்று முடிந்துவிட்டது. இனி சாப்பாட்டிலும் பழக்கத்திலும்தான் விஷயம் இருக்கிறது என்றார் டாக்டர். காரத்தைக் குறைக்க வேண்டும். தண்ணீரைப் பகலெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். ஒரே இடத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்தே இருக்கக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் இடுப்பு முங்க உட்கார்ந்தால் வலி தணியும். வேகவைத்த தக்காளி, பூசணி விதையெல்லாம் சாப்பிடலாம். “மந்திரமில்லைங்க, சிலருக்குக் கேக்குது” என்று அதையும் ஒளிக்காமல் சொன்னார். சிறுநீரை அடக்கவே கூடாது. டீயை அடியோடு நிறுத்த வேண்டும்.

அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் வீடு வந்து சேரவில்லை. மனுஷன் வழியிலேயே விழுங்கிவிட்டார்.

மனைவியோ சொன்ன மற்றதையெல்லாம் தலையில் தூக்கிவைத்துக்கொண்டாள். மிளகாய் டப்பா பரணுக்குப் போனது. பூசணி விதையை உலர்த்தி, வறுத்து, தோல் உரித்து அவர் சட்டைப் பையில் போட்டுவிட்டாள். கடைக்குப் போய் அகலமான பிளாஸ்டிக் தொட்டி ஒன்று வாங்கி வந்தாள். அதில் அவர் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தால், துறைமுகத்தையே ஆட்டிவைத்த ஆள் குளிப்பாட்டக் காத்திருக்கும் கைக்குழந்தை மாதிரி இருந்தார். “பேசாம உக்காருங்க. மகாராஜாவுக்குக் கூட இந்த உபசாரம் கிடைச்சிருக்காது” என்பாள்.

தொட்டியைவிட்டு எழுந்ததும், உபசாரத்தின் முடிவாக, கையில் ஆவி பறக்கும் டீ. கெட்டியாக, அவள் போடுகிற மாதிரி. அவர் குடிப்பார். குடித்த கொஞ்ச நேரத்தில் “காத்தாட நின்னுட்டு வரேன்” என்று கொல்லைப்பக்கம் போய், கழிவறைச் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு எரிச்சலில் பல்லைக் கடிப்பார். இந்த மனுஷனை என்னவென்று சொல்ல!

ஆனால் அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பு, துறைமுகத்தில் அவர் கிரேன் ஆபரேட்டர். காலையில் இரும்பு ஏணியைப் பிடித்து ஏறினால், சாயங்காலம் சங்கு ஊதினால்தான் இறங்குவார். ‘மேல்வீட்டுக்காரர்’ என்றே அவருக்குப் பெயர் விழுந்துவிட்டது. அவளோ அப்போது கீழே கேன்டீனில் டீ போடுகிறவள். மேலே இருப்பவருக்காக ஒரு தூக்கில் டீயை ஊற்றி, கயிற்றில் கட்டி, இரண்டு தரம் சுண்டுவாள். அவர் கிரேன் கூண்டின் ஜன்னலைத் திறந்து இழுப்பார். வெயிலுக்குக் கையைப் புருவத்தின் மேல் வைத்துக்கொண்டு அவள் அண்ணாந்து பார்த்தபடி நிற்பாள். கப்பல்கள், பெட்டிகள், துருவும் டீசலும் கலந்த அந்த வாசனை, எல்லாவற்றுக்கும் நடுவே அந்த ஒரு முகம். அந்த நாளெல்லாம் எங்கே போயிற்று என்று தொட்டியில் உட்கார்ந்தபடி ஏங்குவார்.

அங்கேதான் வினையும் ஆரம்பித்தது. கழிவறை கேன்டீனுக்குப் பின்னால் இருந்தது. அவள் முகத்தைத் தாண்டாமல் போக வழியில்லை. அடக்கமாட்டாமல் ஓடுகிறவனை எவள் திரும்பிப் பார்ப்பாள் என்று அவருக்கு ஒரே வெட்கம். டீயை ஒரு சொட்டு விடாமல் குடிப்பார், தண்ணீர்ப் பக்கமே போகமாட்டார், சங்கு ஊதும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டிகளைத் தூக்குவார். கல்யாணம் ஆன பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை.

அப்படி வந்த டீயை இப்போது எப்படி வேண்டாம் என்பது? அவளையே வேண்டாம் என்று சொல்வதுபோல் அவருக்குப் பட்டது.

நோவு குறையவில்லை, கூடியது. ஒருநாள் அவர் முனகுவதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டாள். அடுப்படியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். “நான் செய்யிறதுல எங்கயோ தப்பு இருக்குங்க. வதக்குறேன், வறுக்குறேன், ஒண்ணும் கேக்கமாட்டேங்குதே. இந்தத் தடவை டாக்டர்கிட்ட நானும் வரேன்.”

அவர் எவ்வளவோ சாக்குச் சொல்லிப் பார்த்தார். அவளிடம் எதுவும் எடுபடவில்லை.

டாக்டர் எல்லாவற்றையும் விசாரித்தார். காரம்? குறைத்தாயிற்று. தொட்டி? தினமும். விதை? சட்டைப் பையிலேயே இருக்கிறது. அவள் ஒவ்வொன்றுக்கும் பெருமையாகத் தலையாட்டினாள்.

“டீயை விட்டுட்டீங்கல்ல?”

அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

“எந்த டீ?” என்றாள் அவள்.

“எந்த டீயும்தாம்மா. போன தடவையே சொன்னேனே. இப்படியே போனா உள்ளே கருவி விட்டுப் பாக்க வேண்டியதாயிரும்.”

அவள் எழுந்து வெளியே போனாள். ஆஸ்பத்திரி நடைபாதை பெஞ்சில் அவர் அவளைக் கண்டுபிடித்தபோது அவள் முகம் சிவந்திருந்தது.

“என் கையாலயே உங்களை நோகடிக்க வச்சிட்டீங்களே. நான் என்ன பாவம் பண்ணேன்?”

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மறைக்க இனி என்ன இருக்கிறது? “நீ கயித்துல கட்டி அனுப்பினியே, அந்த டீயாலதான் நீ எனக்குக் கிடைச்ச. அதைப் போயி வேணாம்னு உன்கிட்ட எந்த வாயால சொல்றது?”

அவள் அழுத கண்ணோடு சிரிக்க ஆரம்பித்தாள்.

“அட மேல்வீட்டுக்காரரே! அந்த டீயை நான் எதுக்கு அனுப்பினேன்னு நினைச்சீங்க? குடிச்சா அடிவயிறு முட்டும், இறங்கித்தானே ஆகணும். எங்க கேன்டீனைத் தாண்டித்தானே போகணும். ரெண்டு வார்த்தை பேசலாம்னுதான்! ஊரே இறங்கி வந்துச்சு, நீங்க வரலை. பத்தலையோன்னு நாளுக்கு நாள் தூக்கு தளும்பத் தளும்ப ஊத்தினேன். அப்பவும் வரலை. கடைசில வெக்கத்தை விட்டு நானே ஏணிக்கு அடியில வந்து நிக்க வேண்டியதாப் போச்சு.”

“நீ பாத்துருவியேன்னுதான்டி அடக்கிட்டுக் கிடந்தேன்” என்றார் அவர்.

“நல்லா அடக்கினீங்க! அதுக்குத்தான் இப்போ தொட்டியும் விதையுமா நான் அலையிறேன். போங்க அந்தப் பக்கம்.” சொன்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தங்களிடமிருந்து நழுவிப்போன அத்தனை பகல்களையும் நினைத்து அவருக்கு அழுகையாக வந்தது, அதோடு சிரிப்பும் வந்தது.

சிரித்ததில் அடிவயிறு முட்டியது. காத்தாட நின்றுவிட்டு வருகிறேன் என்று வாய்வரை வந்ததை அவர் நிறுத்தினார்.

“எனக்கு அவசரமா வருது” என்றார்.

“மருந்துப் பையைக் கொடுங்க. ஓடாதீங்க, தரை வழுக்கும். நான் இங்கயேதான் இருக்கேன்.”

கழிவறை நடைபாதையின் கோடியில் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்க, அவர் எழுந்து, அவளைத் தாண்டி நடந்தார்.