குழாயடி ஓட்டமும் என் மூச்சும்

விருதுநகர் மாவட்டத்தில் குளிர் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரியுங்கள். மார்கழிக் கடைசியில், விடியும் முன்னால், அச்சங்குளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் ஒரு தடவை ஓடிப் பார்த்துவிட்டுப் பிறகு சிரியுங்கள். நான் ஓடியிருக்கிறேன். நாற்பது வயதில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடியிருக்கிறேன். 2007 பொங்கலுக்கு நடந்தது இது.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் இரண்டே தெரு. தொட்டித் தெரு எங்களுடையது, மற்றது பள்ளிக்கூடத் தெரு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே குழாய். விடியற்காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். முதல் முறை ஒரு தெருவுக்கு, அது பிடித்து முடித்தபின் மிச்சம் அடுத்த தெருவுக்கு. அதற்குள் பட்டாசு கம்பெனி பஸ் வந்துவிடும். பஸ்ஸை விட்டால் கம்பெனி கேட்டை அடைத்துவிடுவார்கள், அன்றைய வேலை போச்சு. பஸ்ஸுக்கு ஓடினால் வீட்டில் குடம் காலி. அதனால் முதல் முறை என்பது எங்களுக்கு வீம்பு இல்லை, பிழைப்பு.

இதற்காக முடியைப் பிடித்துச் சண்டை போட்டுப் போட்டு, கடைசியில் ஊர்கூடி ஒரு வழக்கம் வைத்தார்கள். காணும் பொங்கல் அன்று விடியலில் தெருவுக்கு ஒரு பெண் ஓட வேண்டும். குழாயில் புறப்பட்டு, கண்மாய்க்கரை வழியாக மதகுவரை போய், மதகைத் தொட்டுத் திரும்பி வர வேண்டும். யார் கை முதலில் குழாயில் படுகிறதோ, அடுத்த பொங்கல்வரை முதல் முறை அந்தத் தெருவுக்கு. தண்ணீர் சுமக்கிறவள்தான் ஓடணும், ரேஷன் கார்டு அந்தத் தெருவில் இருக்கணும். காலேஜ் பிள்ளைகளை இரவல் வாங்கிவர முடியாது.

மூன்று வருடமாக நாங்கள் தோற்றுக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடத் தெருவுக்கு ஓடுகிற பாலம்மாளுக்குக் காலே ஆள் உயரம். எங்களுக்கு ஓடுகிறவள் அந்த வருடம் மாசமாக இருந்தாள். கம்பெனி பஸ்ஸைத் துரத்திப்போய் ஏறுவதில் நான்தான் பேர் வாங்கியவள் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

சாயங்காலம் வேலை விட்டு வந்து ஓடிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. சரி, ஓட்டம் விடியலில்தானே என்று மறுநாள் இருட்டோடு எழுந்து போனேன். கரை ஏறிப் பாதி தூரம்கூடப் போகவில்லை, தொண்டையில் மிளகாய் அரைத்துப் பூசினதுபோல எரிச்சல். நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கினதுபோல இருந்தது. இருமல் வந்து அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் பாலகுரு சைக்கிளில் பின்னாடியே வந்தவர் இறங்கினார்.

"ஏப்பிள்ள அய்யம்மா, உக்காந்துக்கிட்டே ஜெயிக்கப் போறியா?"

"சும்மா இருங்க. மூச்சு உள்ள போக மாட்டேங்குது. பனி அம்புட்டும் நெஞ்சுல போயி உக்காந்துக்கிருச்சு."

"பாலம்மாளுக்கும் அதே பனிதான?"

"அப்ப அவளக் கட்டிக்கிட்டு வாங்க."

மனிதர் அன்றைக்கே தைலம், ஓமம், குரங்குக் குல்லா என்று ஒரு பை நிறைய வாங்கி வந்துவிட்டார். குல்லாவைப் போட்டு ஓடினேன். காதுக்கு நன்றாக இருந்தது. மூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எனக்கு இளைப்பு நோய் கிடையாது. கம்பெனிக்கு வந்த டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தார். பிறகு ஏன் விடியலில் மட்டும் இப்படி?

கண்டுபிடித்தது பொன்னுத்தங்கம். எங்கள் தெருதான், கம்பெனியிலும் ஒரே ரூமில் பக்கத்தில் உட்கார்ந்து பூச்சட்டிக்கு, அதுதான் புஸ்வாணத்துக்கு, மருந்து அடைக்கிறவள். வேடிக்கை பார்க்கக் கரைக்கு வந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏ மதினி, ஓட வந்தீகளா, மருந்து அடைக்க வந்தீகளா?"

"என்னடி?"

"மூஞ்சிய ஒரு பக்கமா திருப்பி வாயத் தொறந்து தொறந்து உறிஞ்சுறீக. கையில சட்டி ஒண்ணுதான் கொறச்ச!"

எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னது நூற்றுக்கு நூறு நிஜம். பூச்சட்டிக்கு மருந்து அடைக்கும்போது மூக்கால் மூச்சு விட மாட்டோம். விட்டால் கரித்தூள் மூக்கில் அப்பிக்கொள்ளும், இரண்டு நாளைக்குக் கறுப்பாகச் சிந்த வேண்டும். அதனால் முகத்தை ஒதுக்கி, வாயால் துளித்துளியாக இழுத்து, கை வேகமாகும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வோம். வருடக்கணக்காகச் செய்து செய்து, வேகம் என்றாலே என் உடம்பு அப்படிச் செய்யப் பழகிவிட்டது. சாயங்கால வெதுவெதுப்பில் அது தெரியவில்லை. விடியலில் ஐஸ் மாதிரிக் காற்று நேராகத் தொண்டையில் இறங்கியதும் மாட்டிக்கொண்டேன்.

அன்றே வாயை மூடிக்கொண்டு கரையில் நடந்தேன். முதலில் நடைதான். மூக்கு வழியாகப் போன காற்று அங்கேயே கொஞ்சம் சூடேறி, வெந்நீர் இறங்குவதுபோல மெதுவாக இறங்கியது! நடை கொஞ்சம் ஓட்டமானது. எரிச்சல் இல்லை. இருமல் இல்லை. வேகம் கூட்டும்போது மூக்கு மட்டும் போதவில்லை, அப்போது மூக்கால் இழுத்து வாயால் நீளமாக ஊதி விட்டேன். அடுப்பு ஊதுகிற மாதிரி. கூடவே மூக்குக்கு மேல் துணி கட்டிப் பார்த்தேன். தேங்காய்ப்பூத் துண்டு நனைந்து ஒட்டி ஆளைக் கொல்லப் பார்த்தது. பழைய வேட்டியில் ஒற்றை மடிப்பாகக் கிழித்து லேசாகக் கட்டினேன், சொர்க்கம்! மதகுவரை போய்த் திரும்பி வந்து, பாலகுரு சைக்கிளுக்கு முன்னால் நின்று, "என்னங்க, இன்னொரு தடவ போவமா?" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

காணும் பொங்கல் விடிந்தது. பனி என்றால் மூன்று வருடத்தில் இல்லாத பனி, எதிரில் நிற்கிறவர் பாதிதான் தெரிந்தார். இரண்டு தெருவும் குடத்தோடு குழாயடியில் நின்றது. நான் முன்கூட்டியே எங்கள் தெருவை நாலு சுற்று நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டு வந்தேன். மூக்கில் என் வேட்டித் துணி.

பள்ளிக்கூடத் தெருவிலிருந்து ஒரு சத்தம் வந்தது. "அதென்ன மூஞ்சிய மூடிக்கிட்டு? இந்தப் பனிக்குள்ள மதகுகிட்ட ஆளு மாத்திருவீக! துணிய அவுக்கச் சொல்லுங்க!"

மோட்டார் போடுகிற சங்கையா அண்ணன்தான் நடுவர். தலையைச் சொறிந்தார்.

"தங்கச்சி, அவுத்துரும்மா. பெறகு பேச்சு வரும்."

"அண்ணே, மூச்சுக்குக் கட்டியிருக்கேண்ணே..."

"மூக்க நான் அவுக்கச் சொல்லலையேம்மா."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. துணியை அவிழ்த்துப் பொன்னுத்தங்கத்திடம் கொடுத்தேன். சங்கையா அண்ணன் விசில் ஊதினார்.

பாலம்மாள் அம்பு மாதிரிப் போனாள். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு மெதுவாகக் கிளம்பினேன். என் தெருவே என்னைத் திட்டியது. "ஏ அய்யம்மா, கோயிலச் சுத்தவா வந்த? ஓடுடி!" பாலகுரு குரல்தான் எல்லாவற்றையும் தாண்டிக் கேட்டது. நான் திரும்பவில்லை. திரும்பினால் வாய் திறக்கும். கரை ஏறினேன். பனியில் பாலம்மாளைக் காணவே காணோம். மனசு ஓடு ஓடு என்கிறது. இரு, மூக்கு பழகட்டும் என்று பிடித்து வைத்தேன். கொஞ்சதூரத்தில் உள்ளே காற்று வெதுவெதுப்பாக இறங்குவது தெரிந்தது. சரி, இப்போது! வாயால் ஊதிக்கொண்டே வேகத்தைக் கூட்டினேன். கால் தானாகப் போகிறது! அந்தக் குளிரில் அவ்வளவு சுகமாக நான் மூச்சு விட்டதே இல்லை. சிரிப்பு வந்துவிட்டது.

மதகைத் தொட்டுத் திரும்பினேன். கொஞ்சம் தள்ளி ஓர் உருவம் குனிந்து நின்றது. பாலம்மாள். பனியில் எதிரே வந்தது எனக்குத் தெரியவில்லை; எனக்கு முன்பே மதகைத் தொட்டுத் திரும்பியவள், இடுப்பில் கைவைத்து இருமிக்கொண்டிருந்தாள். முகம் ஒரு பக்கம் திரும்பியிருந்தது. அவளும் மருந்து அடைக்கிறவள்தானே! கண்ணாடியில் என்னையே பார்க்கிறது போல இருந்தது. தாண்டும்போது வாய் சும்மா இருந்ததா?

"வாய மூடு பிள்ள! மூக்கால இழு, மூக்கால!"

சொல்லிவிட்டு ஓடினேன். கொஞ்ச நேரத்தில் பின்னால் தொம் தொம் என்று காலடி. ஐயோ, பிடித்துக்கொண்டாள்! என் வாயால் நானே என் தெருத் தண்ணீரைக் கொட்டிவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டு ஓடினேன். கரை இறங்கும்போது அவள் மூச்சு என் தோளுக்குப் பக்கத்தில் கேட்டது. ஒழுங்கான மூச்சு! மூக்கால் இழுத்து, வாயால் ஊதி. எனக்கோ பேசினதில் தாளம் தப்பி, தொண்டை மறுபடி எரிய ஆரம்பித்தது. குழாயடியில் இரண்டு தெருவும் கத்துகிறது. வாயை மூடினேன். ஒரு இழுப்பு, நீளமாக ஒரு ஊது. இன்னொரு இழுப்பு. தாளம் திரும்பியது. கண்ணில் குழாய் மட்டும்தான். தாவினேன்.

குழாய் இரும்பின் சில்லிப்பு உள்ளங்கையில் பட்டது. அதே நேரம் பாலம்மாளும் வந்து விழுந்தாள்.

ஒரே கூச்சல். "எங்க ஆளுதான்!" "ரெண்டு கையும் ஒண்ணாத்தான் விழுந்துச்சு! மறுபடி ஓடச் சொல்லுங்க!" பொன்னுத்தங்கம் குடத்தை ஓங்கிவிட்டாள். பள்ளிக்கூடத் தெருக்காரிகளும் ஓங்கினார்கள். பழைய சண்டை மறுபடி தொடங்கிவிடும் போலிருந்தது. சங்கையா அண்ணன் விசிலை வாயில் வைத்துக்கொண்டு திருதிருவென முழித்தார், ஊதவே இல்லை.

பாலம்மாள் குழாயைப் பிடித்தபடியே மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தாள். அவள் தெருவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"கத்தாதீகடி. நான் எங்கன குழாயத் தொட்டேன்? அவ கைமேலதான் என் கை விழுந்துச்சு. இந்தா, இப்பவும் அவ கைமேலதான் இருக்கு."

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். கீழே என் கை. அதன்மேல் அவள் கை.

பாலகுரு சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே இருந்தார், நிறுத்தவே இல்லை. பாலம்மாள் என் கையை ஓர் அழுத்து அழுத்திவிட்டு எடுத்தாள்.

"அடுத்த பொங்கலுக்கு மதகுகிட்ட நிக்க மாட்டேன் பாத்துக்க," என்றாள்.

"நில்லாத," என்றேன். சிரிப்பும் இரைப்புமாக வந்தது.

சங்கையா அண்ணன் ஓடிப்போய் மோட்டாரைப் போட்டார். "தொட்டித் தெரு குடத்த வைங்கம்மா!" குழாய் இரண்டு தடவை செருமியது, பிறகு ஓவென்று கொட்டியது. பொன்னுத்தங்கம் என்னைத் தள்ளிவிட்டு முதல் குடத்தை வைத்தாள்.