முள்ளங்கிப் பாத்தியில் இல்லாத முயல்

1.

இந்தக் கதை கருணையில் பிறந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். பிறந்தது என் தொப்பையில். “தினமும் அரை மணி நேரம் குனிஞ்சு நிமிருங்க” என்றார் மருத்துவர். உடற்பயிற்சிக் கூடத்தில் குனிவதற்குக் கட்டணம் கேட்டார்கள். பசித்தவர்களுக்காகக் காய்கறி விளைவிக்கும் பொதுத் தோட்டத்தில் இலவசமாகக் குனியலாம்; கூடவே ஒரு தொப்பியும் தந்தார்கள். துணிக்கடைக் குடும்பத்தில் பிறந்தவன் இப்படியொரு பேரத்தை விடுவானா?

தொடக்கத்தைப் பல முறை எழுதிப் பார்த்தேன்.

காலைப் பனியில் இலைகள் முத்து முத்தாக – (வேண்டாம். நான் போவதே பனி காய்ந்த பிறகு.)

மண்ணைத் தொட்டதும் எனக்குள் ஏதோ ஒன்று – (முதுகுதான்.)

ஆகவே நேராக ஆட்களிடம் வருகிறேன்.

2.

பொறுப்பாளர் ஓய்வுபெற்ற ஓவர்சியர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு ஸ்கேல் இருக்கும். எல்லோருக்கும் அவர் ஸ்கேல் சார். இரண்டு செடிகளுக்கு நடுவே இடைவெளி குறைந்தால் அவருக்கு ரத்த அழுத்தம் கூடும்.

அடுத்து லேப் அக்கா. இருபது வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவர். கூடத்தை மூடிவிட்டார்கள். கணவர் முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டோடு இருக்கிறார். தோட்டத்துக்கு முதலில் வருவதும் கடைசியில் போவதும் அக்காதான்.

மதியம் தோட்டத்துச் சமையலறையில் சாப்பாட்டு வரிசை. ‘இங்கு வேலை செய்பவர்கள் வரிசையில் நிற்கக் கூடாது, விளைந்ததை வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது’ என்று பலகை தொங்கும். வாசகம் அடியேனுடையது. இரண்டு பேர் சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம் முன்னால் மண்வெட்டியோடு வந்து நின்றதைப் பார்த்துப் பொங்கி எழுந்து எழுதினேன்.

அக்காவிடம் ஒரே குறை. முள்ளங்கி விதையை அள்ளித் தூவுவார். நெருக்கியடித்து முளைக்கும். பாதியைப் பிடுங்கினால்தான் மீதி கிழங்கு வைக்கும். பிடுங்கிய கன்றுகள் உரக்குழிக்குப் போகிற குப்பை, விதியில் வராது. அக்கா அவற்றைப் பையில் திணித்துக்கொள்வார்.

“வீட்ல முயல் வளக்கிறேன்.”

(சின்னக் குறிப்பு: கதை எழுதுகிறவன் இங்கேயே விழித்திருக்க வேண்டும். இருபது வருடம் துளித்துளியாக அளந்த கை, விதையை மட்டும் ஏன் அள்ளி வீசுகிறது? நான் விழிக்கவில்லை. தொப்பி கண்ணை மறைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

3.

போன வாரம் ஸ்கேல் சார் பாத்தியருகே உட்கார்ந்து அளந்தார்.

“என்னம்மா இது, பாத்தியா, பஸ்ஸா? உக்கார எடமில்லாம நிக்குதுங்க.”

“கை தவறிடுச்சு சார்.”

“ஒவ்வொரு தடவையுமா தவறும்? விதை என்ன மரத்துலயா காய்க்குது?”

(காய்க்கும் என்று சொல்ல நினைத்தேன்.)

அந்த நேரத்தில்தான் என்னுள் இருந்த உபகாரி எழுந்தான். விதைப்பு வண்டி வாங்கலாம் என்றேன். ஒற்றைச் சக்கரம், கையால் தள்ளுவது. உள்ளே துளை போட்ட ஒரு தகடு சுற்றும். துளைக்கு ஒரு விதையாக, அளந்த இடைவெளியில் விழும். பிடுங்கி எறிகிற வேலையே இருக்காது.

கடைக்காரர் விலை சொன்னார். சிரித்தேன். குறைத்துச் சொன்னார். வாசல்வரை நடந்தேன். திரும்பக் கூப்பிட்டார். “நீங்க எந்தக் கடைத் தெரு சார்?” என்று கேட்டார் பாருங்கள், அது எனக்குப் பட்டம். கொசுறாக இன்னொரு தகடும் பிடுங்கிக்கொண்டு வந்தேன். அது அவரைக்கான பெரிய துளைத் தகடு. அதில் முள்ளங்கி விதையைப் போட்டால் கொத்துக் கொத்தாகக் கொட்டும். நமக்குத் தேவையில்லாத பொருள்தான். கொசுறு என்றால் அப்படித்தான் இருக்கும்.

தோட்டமே கைதட்டியது. அக்காவும் தட்டினார். (எப்படித் தட்டினார் என்று வருணிக்க மூன்று வரி எழுதி அடித்துவிட்டேன். நான் அப்போது எனக்குக் கிடைத்த கைதட்டலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.)

4.

முயலின் தீனியில் கைவைத்துவிட்டோமே என்று ஓர் உறுத்தல். மறுநாள் மாலை, கடையில் கேரட் தழை ஒரு கட்டு வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். மூன்று மாடிக் கட்டடத்தில் நடுமாடி. ஊன்றுகோலோடு கணவர் திறந்தார்.

“முயலுக்குக் கொண்டுவந்தேன்ணே.”

“எந்த முயலுக்கு?”

“உங்க வீட்டு முயலுக்கு.”

அவர் சிரித்தார். “நாங்கதான் தம்பி முயல். மூணு மாசமா ரெண்டு வேளையும் கீரைதான். காது மட்டும்தான் இன்னும் வளரலை.”

அக்கா கரண்டியோடு வந்து நின்றார். அடுப்பில் முள்ளங்கிக் கன்று வேகிற வாடை. மேசையில் இரண்டு தட்டு, வேறொன்றும் இல்லை.

“முயல் மொட்டை மாடில இருக்கு” என்றார் அக்கா. கணவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். என்ன செய்வது?

தழைக் கட்டை அக்கா வாங்கிக்கொண்டார். “குடுத்துடறேன்.”

5.

இந்த இடத்தில் நல்ல எழுத்தாளன் கண்ணீர் விடுவான். நான் கூட்டம் கூட்டினேன். என் விதியை நானே நீக்க முன்வந்தேன்: வேலை செய்கிறவர்களும் ஆளுக்கொரு கட்டு கீரை எடுத்துப் போகலாம்.

முதலில் எதிர்த்தது அக்கா.

“அது வரிசையில நிக்கிறவங்களோடது. நாம குடுக்க வந்தவங்க. அதுல கை வைக்கறதா இருந்தா நாளையிலேருந்து நான் வரல.”

ஸ்கேல் சார் கைதட்டினார். தீர்மானம் தோற்றது. வாழ்க்கையில் நான் தோற்ற ஒரே பேரம், எதிராளி தனக்கு எதுவும் வேண்டாம் என்று சொன்ன பேரம்.

6.

முடிவுகள் சில கைவசம் இருக்கின்றன. பிடித்ததை எடுங்கள்.

அக்காவுக்கு வேலை கிடைக்கிறது. (நாலு இடத்தில் விசாரித்துவிட்டேன். “வயசு என்ன?” என்று கேட்டதோடு சரி.)

ஸ்கேல் சாரிடம் உண்மையைச் சொல்கிறேன். (அவர் நல்லவர். அன்றே எல்லோர் முன்னாலும் கண் கலங்கி, அக்காவுக்கு ஒரு கூடை நீட்டுவார். அக்கா அதன்பிறகு அந்தத் தெருப்பக்கமே வர மாட்டார்.)

ஒரு நிஜ முயல் வாங்கி – (என் மனைவி இதுவரை படித்துவிட்டு, “அதையும் பேரம் பேசித்தான் வாங்குவீங்களா?” என்றாள். அந்த முடிவை அடித்துவிட்டேன்.)

7.

நாளை காலை ஒன்பது மணிக்கு முள்ளங்கிப் பாத்தியில் வண்டி முதன்முதலாக ஓடப்போகிறது. தள்ளப்போவது அக்கா. வண்டி இப்போது என் வீட்டு மேசை மேல். சிறிய துளைத் தகடு உள்ளே. பெரியது என் கையில். மாற்றுவதற்கு ஒரு திருகாணி, அரை நிமிடம்.

மாற்றினால் பத்து நாளில் பாத்தி மறுபடி பஸ்ஸாகிவிடும். ஸ்கேல் வெளியே வரும். அக்கா பிடுங்குவார், பை நிறையும், முயல் பிழைக்கும். ஸ்கேல் சார் என்னைப் பார்ப்பார். அப்போது நான் தோட்டமே கேட்க ஒரு வாக்கியம் சொல்லியாக வேண்டும்: “கடைக்காரன் என்னை ஏமாத்திட்டான் சார்.”

என் அப்பா சாகிறவரை சொல்லாத வாக்கியம். அவருடைய அப்பாவும் சொன்னதில்லை. சற்றுமுன் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். ‘கடைக்காரன்’ வரை வந்தது. சமையலறையிலிருந்து மனைவி, “யாரு, உங்களையா?” என்று கேட்டுச் சிரித்தாள்.

வாசகரே, கையை நீட்டுங்கள். தகடு இது, திருகாணி இது. இரண்டில் எதை மாட்டுவது என்பதை உங்களிடமே விடுகிறேன். நான் பக்கத்து அறையில் அந்த வாக்கியத்தின் மிச்சத்தைப் பழகிக்கொண்டிருக்கிறேன்.