அக்கா வீட்டுக் கறி

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம் ஆகிறது. கறியைக் குறைக்காவிட்டால் அடுத்த முறை ஆளைத் தேற்றுவது கஷ்டம் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். மனுஷன் பஸ் டிரைவர். வண்டிக்கு பிரேக் போடத் தெரியும், வாய்க்கு மட்டும் போடத் தெரியாது.

அன்றிலிருந்து அடுப்படியில் நான் படாத பாடு பட்டேன். காளான், கொண்டைக்கடலை, பயறு, சோயா என்று எதையும் விட்டுவைக்கவில்லை. சோயாவை வெந்நீரில் ஊறப்போட்டுப் பிழிந்து பிழிந்து விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போனது. அவரோ ஒரு வாய் வைத்துவிட்டு, பாத்திரம் தேய்க்கிற பஞ்சையா தாளித்தாய் என்று கேட்பார். தட்டு அப்படியே திரும்பி வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரே ஆறுதல், டாக்டர் சொன்ன நடையை மட்டும் அவர் விடவில்லை. சாயங்காலம் ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

நேற்று மாத்திரை போட மறந்துவிட்டுப் போனார். அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அடுத்த தெருவில், அவருடைய அக்கா வீட்டு வாசலில் அந்தச் செருப்பு கிடந்தது. மசாலா வாசனை மூக்கைத் துளைத்தது. உள்ளே ஐயா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டுக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் திருதிருவென்று முழித்தார். பிறகு வீறாப்பு வந்துவிட்டது.

"கறின்னா இது கறி. நீயும் ஒரு துண்டு தின்னு பாரு, சமையல்னா என்னன்னு தெரியும்."

அவர் தட்டிலிருந்தே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டேன். இரண்டு கடி கடித்ததும் நின்றுவிட்டேன். மூன்று மாதமாகப் பிழிந்தவளுக்குத் தெரியாதா? அதே சோயாதான்.

நிமிர்ந்து பார்த்தேன். தம்பியின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, சொல்லிவிடாதே என்று அண்ணி கண்ணாலேயே கெஞ்சினார்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனுஷன் முகத்தில் ஈயாடாது. ஆனால் நாளையிலிருந்து இதையும் தொடமாட்டார். நிஜக் கறியைத் தேடி எந்தக் கடைக்குப் போய் உட்காருவாரோ. சொல்லாவிட்டால், ஆயுசுக்கும் சமைக்கத் தெரியாதவள் என்ற பேர் எனக்கு. மென்றதை விழுங்கினேன்.

"நல்லாதான் இருக்கு அண்ணி," என்றேன். "அவருக்கு இன்னும் ரெண்டு துண்டு வைங்க."