வைத்தியர் வீட்டுப் பாத்தி

மியூசியம் பார்த்துவிட்டுப் போன நூறு பேரைக் கேட்டார்களாம், வைத்தியர் வீட்டுச் செடிகளைக் கவனித்தீர்களா என்று. தொண்ணூற்றாறு பேர் இல்லை என்றார்களாம். மீதி நாலு பேருக்கு டிக்கெட் கவுண்டரில் இருக்கும் பிளாஸ்டிக் பூந்தொட்டிதான் ஞாபகம் வந்ததாம். அதனால் என் பாத்தியைப் பிடுங்கி, ஜல்லி கொட்டி, போட்டோ எடுக்க மேடை போடப் போகிறார்கள்.

இடிக்கவிருந்த பழைய வீடுகளைக் கழற்றி வந்து எங்கள் மியூசியத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். அதில் ஒன்று வைத்தியர் வீடு. தூண், கதவு, ஆணி எல்லாம் அசல். வைத்தியரின் குறிப்பு நோட்டைப் பார்த்து, அவர் வளர்த்த முப்பத்தோரு மூலிகைகளையும் தேடிப்பிடித்து நட்டு வளர்க்க எனக்கு ஆறு வருஷம் ஆனது. ஆணிக்கு இருக்கிற மரியாதை வேருக்கு இல்லை!

கேட்ட இடமாவது உருப்படியா? வெளிவாசல். வெயிலில் சுற்றிக் களைத்துப் பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களை மறித்துக் கேட்டால், காலில் செருப்பு இருக்கிறதா என்றுகூடச் சொல்லத் தெரியாது.

காலையில் மேனேஜர் அளவு டேப்போடு வந்தார். வாசலில் ஜல்லி லாரி நின்றது.

"உங்க உழைப்பை நான் குறை சொல்லலம்மா. ஜனங்க கண்ணுலயே படலையே, நான் என்ன பண்றது?"

"கண்ணுல படலன்னா செடியே இல்லன்னு ஆயிடுமா சார்?"

"சர்வே பேப்பர்ல இருக்குல்ல? யாரும் கவனிக்கல." பேசிக்கொண்டே திருநீற்றுப்பச்சையில் ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி, மூக்கருகே கொண்டுபோனார். "ஒருத்தர்கூட நின்னு பார்க்கலையாம்." இன்னோர் இலையைக் கிள்ளினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாதையோரச் செடியெல்லாம் மொட்டை. கை எட்டாத உள்பக்கம் அடர்த்தி. இத்தனை நாளாகப் பூச்சி வேலை என்று வேப்பெண்ணெய் அடித்துக்கொண்டிருக்கிறேன், மடச்சி.

"கையைக் காட்டுங்க சார்."

காட்டினார். விரலெல்லாம் பச்சை.

"நூறு பேர்கிட்ட கண்ணைப் பத்திக் கேட்டீங்க. யாராவது ஒருத்தர் கையை மோந்து பார்த்தீங்களா? நூத்தியோராவது ஆளா உங்களை எழுதிக்கட்டுமா?"

"ஏதோ தெரியாம..."

"எல்லாரும் தெரியாமத்தான் சார் கிள்றாங்க! அங்க பாருங்க, ஒரு இலை விடல."

குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு போன் போட்டு லாரியைத் திருப்பி அனுப்பினார். அத்தோடு வாயை மூடியிருக்கலாம்.

"செடியைத் தொடாதீர்கள்னு ஒரு போர்டு வெச்சிடலாம்மா."

"வெச்சுப் பாருங்க," என்றேன். "அதை நானே பிடுங்கி எறியறேன்."