மொண்டு குடித்தவள்

டிரம்மின் குழாய் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. மாரிசெல்வம் அதைக் கழற்றி, நூல் சுற்றி மறுபடி முறுக்கினான். வாசல் பந்தலுக்கடியில் கட்டிலில் கிடந்த அம்மா மலையம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏலே, உசரத்துல வைக்காத. குட்டையா இருக்கவளுக்கும் எட்டணும்."

மேசையில் மூன்று எவர்சில்வர் டிரம்கள். நன்னாரி சர்பத், பன்னீர் திராட்சை ஜூஸ், மோர். பக்கத்தில் ஐஸ்கட்டிப் பெட்டி, கவிழ்த்து வைத்த டம்ளர்கள். ஏலக்காய்த் தோட்டத்துக்கு அவளோடு ஒரே ஜீப்பில் போய்வந்த பெண்களுக்கு இன்று விருந்து. இனி வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்ட பிறகு அவள் கேட்டது இது ஒன்றைத்தான். "செத்தபெறகு வந்து அழத்தான் போறாளுக. அதுக்கு முன்னாடி ஒருநா வந்து சிரிச்சுட்டுப் போகட்டும்."

தாய்மாமன் அழகுமலைக்கு இது பிடிக்கவில்லை.

"சாகக் கெடக்கவ வீட்ல பார்ட்டியா மாப்ள? சரி, ஊத்திக் குடுக்கவாவது ஒரு ஆளு வேணாமா? வந்தவுகள நீங்களே எடுத்துக் குடிங்கன்னா அது என்ன மரியாத?"

"அம்மாவுக்கு அப்படித்தான் வேணுமாம் மாமா."

ஏன் என்று அவனுக்கும் தெரியாது.

உச்சி வெயிலில் பெண்கள் வந்தார்கள். தலைத்துண்டு இல்லாமல், நல்ல சேலையில், ஒருத்தியை ஒருத்தி புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டார்கள். மேசைக்கு முன்னால் வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்கள். செல்வத்துக்குச் சங்கடமாக இருந்தது. ஒரு டம்ளரை எடுத்தான்.

"கைய எடுலே," என்றாள் மலையம்மாள். மெலிந்த குரல்தான். ஆனாலும் எல்லோரும் திரும்பினார்கள்.

சந்தனம்மாள் சிரித்துவிட்டாள். அவளும் மலையம்மாளும் ஒரே நாளில் தோட்ட வேலைக்குப் போனவர்கள்.

"இவ இன்னும் அத மறக்கல பாரு. ஒனக்குச் சொல்லலையாய்யா? அப்பல்லாம் தோட்டத்துல தண்ணிப்பானையத் தொடவிட மாட்டாக. கங்காணி வந்து ஊத்துறவரைக்கும் கையக் குவிச்சிக்கிட்டு நிக்கணும். ஒருநா ஒங்கம்மா நேராப் போயி, செம்ப உள்ள விட்டு மொண்டு குடிச்சுட்டா. நான் எனக்கும் குடுடின்னேன். செம்ப எங்கையில குடுத்து, நீயே மொண்டுக்கன்னா."

"கங்காணி ஒண்ணும் சொல்லலையா?"

"நாளையிலருந்து வராதன்னாரு. மறுநா மொத ஆளா இவதான் ஜீப்புல உக்காந்திருந்தா. நாங்க அம்புட்டுப் பேரும் ஆளுக்கொரு செம்பு எடுத்துட்டுப் போனோம்."

செல்வம் அம்மாவைப் பார்த்தான். மலையிலிருந்து இறங்கி வந்து, உலை வைத்து, உட்கார்ந்தபடியே தூங்கிப்போகிற அம்மாவைத்தான் அவனுக்குத் தெரியும். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உதட்டோரச் சிரிப்பை மட்டும் மறைக்க முடியவில்லை.

சந்தனம்மாள் குழாயைத் திறந்தாள். பிறகு பந்தல் ஒரே கூச்சலாகிவிட்டது. ஒருத்தி மோரில் சர்பத்தைக் கலந்து குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். அழகுமலைகூடத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வரிசையில் வந்து நின்றார். திராட்சை ஜூஸைச் சந்தனம்மாள் விரலால் தொட்டு மலையம்மாளின் உதட்டை நனைத்தாள்.

"இனிப்புத் தூக்கலு," என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள்.

வெயில் தாழ்ந்தது. பேச்சுக்கு நடுவிலேயே மலையம்மாள் கண்ணயர்ந்தாள். போர்வையைச் சரிசெய்யக் குனிந்த சந்தனம்மாள், கையை அவள் நெஞ்சிலேயே சற்று நேரம் வைத்திருந்தாள்.

"செல்வம், இங்கன வாய்யா."

சிரிப்பு ஒவ்வொரு பக்கமாக அடங்கியது.

மறுநாள் விடியலில் தோட்டத்து ஜீப் தெருமுனையில் வந்து ஹாரன் அடித்தது. அம்மாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தியும் எழவில்லை. செல்வம்தான் போனான்.

"இன்னைக்கு யாரும் வரலண்ணே."

"ஒருத்தர்கூடவா?" என்றார் டிரைவர் கிங்ஸ்லி.

"ஒருத்தர்கூட," என்றான் செல்வம், நிமிர்ந்து.

கிங்ஸ்லி இறங்கி வந்து அவள் தலைமாட்டில் கைகட்டி நின்றார். "நான் மேல போயி சொல்லிர்றேன்," என்று திரும்பினார்.

பின்சீட்டுகள் காலியாகக் குலுங்க, ஜீப் கம்பம்மெட்டுப் பாதையில் ஏறிப் போனது.